உப்புமேட்டு அம்மன்

"கடலோரச் செடியா? திண்டுக்கல்லுல ஏது சார் கடல்?"

ஓவர்சியர் உடையப்பன் சிரித்த சிரிப்பில் முனிசிபாலிடி ஆபீசே திரும்பிப் பார்த்தது. ஞானராஜ் வாத்தியாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தாவரப் பாடம் எடுக்கிறவர் அவர்.

"தோல் பதனிடுற ஷாப்புக்காரங்க கழிவு உப்பையெல்லாம் வருஷக்கணக்கா அந்த ஊரோர மேட்டுலதான்யா கொட்டுறாங்க. தூத்துக்குடி உப்பு மூட்டையோட விதையும் வந்திருக்கு. அங்க கடற்கரையில வரிசையாப் பங்களா கட்டி இந்தச் செடியையே ஒழிச்சுட்டாங்க. நானே போய்த் தேடினேன், ஒண்ணுகூட இல்ல. மிச்சம் இருக்கிறது இந்த ஒத்தப் புதர்!"

"சமைக்கக் காய் காய்க்குமா?"

"காய்க்காது."

"மாடு திங்குமா?"

"திங்காது."

"அப்புறம் என்ன சார்? குவார்ட்டர்ஸ் கட்ட அடுத்த மாசம்தான் மேட்டை வெட்டுறதா இருந்தோம். புதர் மண்டிக் கெடக்குன்னு நீங்களே சொன்னப்புறம் சும்மா இருக்கலாமா? திங்கக்கிழமையே ஆளனுப்புறேன்."

உதவி கேட்கப் போய் உள்ளதையும் கெடுத்துக்கொண்டு வந்தார் மனுஷன். குவார்ட்டர்ஸ் கட்டுகிறார்களாம், குவார்ட்டர்ஸ்! சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் ஒரு செடிக்கு நாதியில்லையே, இதெல்லாம் ஒரு தேசமா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு அடுப்படிக்குள் புகுந்து மஞ்சள்தூளை அள்ளினார்.

"எதுக்குங்க?" என்றாள் மனைவி ரோசலின்.

"கல்லுக்குப் பூச."

"மாதாவே! நன்மை அப்பம் வாங்கிட்டு வந்த வாயால பேசுற பேச்சா இது?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. புதரடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத்துணி சுற்றிவிட்டு யாரும் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார்.

மறுநாள் வந்த ஆட்கள் கல்லைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். "அம்மன் இருக்கிற எடத்துல கை வைக்க மாட்டோம்!" மேட்டையொட்டிய குடிசைகளில் இருந்து ஒச்சம்மாள் ஓடிவந்து முதல் குலவை போட்டாள். வாத்தியார் உள்ளுக்குள் துள்ளினார்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். குடிசைப் பெண்கள் குடம் குடமாய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து அம்மன் தலையில் ஊற்றினார்கள். உப்பில் வாழ்கிற செடி அது! மண்ணிலிருந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது.

"ஊத்தாதீங்கம்மா, அழுகிப்போயிரும்!"

"ஆத்தாவுக்குக் குளிர வேணாமா வாத்தியாரய்யா?" என்று ஒச்சம்மாள் இன்னொரு குடத்தைக் கவிழ்த்தாள்.

தினமும் இதே கூத்து. பாதிப் புதர் அழுகிச் சரிந்தது. ஒருநாள் காலையில் உடையப்பன் ஆட்களோடு வந்து நின்றபோதும் குடம் கவிழ்ந்துகொண்டே இருக்க, வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க! இது அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கல்லை நட்டேன். அந்த மஞ்சள் எங்க வீட்டு மஞ்சள்!"

உடையப்பன் முகம் மலர்ந்தது.

"அப்படியா சங்கதி? ஏலே, எடுங்கடா கடப்பாரையை!"

அடப்பாவி மனுஷா! வாத்தியார் பாய்ந்து புதருக்கு முன்னால் கையை விரித்து நின்றார். ஆத்திரத்தில் அவர் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"பாருங்கடி, வாத்தியாரய்யா மேல ஆத்தா எறங்கிட்டா!" என்று அலறினாள் ஒச்சம்மாள். "வேப்பிலையைக் கொண்டாங்கடி!"

குலவை காதைப் பிளந்தது. ஆட்கள் கும்பிட்டு விழுந்தார்கள். உடையப்பன்கூடச் செருப்பைக் கழற்றினான்.

"ஐயோ, ஆத்தாவும் இல்ல, தாத்தாவும்..."

வேப்பிலைக் கொத்து அவர் வாயை அடைத்தது. ஒச்சம்மாள் அவர் காதோரம் குனிந்தாள்.

"கல்லை நட்டது நீங்கதான்னு மொத நாளே தெரியும். செடிக்காக ஆபீசு வரைக்கும் ஓடுனீங்களே, இந்த மேட்டோட சேத்து எங்க குடிசையையும் இடிக்கப்போறான், அதுக்கு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாளையிலருந்து உப்புத்தண்ணியே ஊத்துறோம், இப்ப செத்த நேரம் பேசாம சாமியாடுங்க!"