ஒய்வாவின் சுத்த ரத்தம்

ஃபின்லாந்தின் சாவோ வட்டாரத்து ஏரிக்கரையில் கோடை வந்துவிட்டால் கொசுவுக்கு அடுத்தபடியாக மனித ரத்தம் உறிஞ்சுபவர் ஒய்வாதான். கொசு காசு கேட்பதில்லை. ஒய்வா கேட்பார், அதுவும் முன்கூட்டியே!

சனிக்கிழமை ஆனால் அவருடைய சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் துண்டு கட்டிய கூட்டம் அலைமோதும். நீராவியில் நன்றாக வியர்க்கவிட்டு, முதுகைப் பிளேடால் லேசாகக் கீறி, ரத்தத்தை உறிஞ்ச அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்ப்பார். கால் மணி கழித்துக் கிண்ணத்தை உயர்த்திக் காட்டுவார். உள்ளே கருஞ்சிவப்பாய் ஈரல் துண்டுபோல ஒன்று ஆடும்.

"பாத்தீங்களா கெட்ட ரத்தத்தை? கட்டி கட்டியா வருது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

ஒரு சனிக்கிழமை அந்த வரிசையில் ஹில்க்காவும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். அந்த நோய் வந்தவர்களுக்கு ரத்தம் சுலபமாக உறையும், காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கெண்டைக்காலில் ஏற்கெனவே ஒரு கட்டி வந்துவிட்டது. அதற்காகத் தினமும் வயிற்றில் ஊசி. வயிறு முழுக்க நீலம் பாரித்துக் கிடந்தது. அந்த ஊசியைக் கண்டாலே அவளுக்கு அழுகை வரும். அதனால்தான் ஒய்வா போனில் சொன்ன வார்த்தை தேனாக இனித்தது: "முதல்ல ஊசிய நிறுத்தும்மா. அது கெட்ட ரத்தத்த உள்ளயே மறைச்சு வச்சிடும்."

நிறுத்திவிட்டாள். கால் மறுபடியும் வீங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் காரோட்டி வந்த தங்கை தைமி, துண்டுக்குக் கீழே தெரிந்த காலைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஊசி போடுறியா இல்லியா?"

ஹில்க்கா தரையைப் பார்த்தாள். தைமி எழுந்தாள்.

"ஒய்வா அண்ணே, உங்க ரத்தம் எப்படி?"

"என்னுதா? பிர்ச் மரச்சாறு குடிச்சு வளர்ந்த உடம்பு. ஊத்துத் தண்ணி மாதிரி ஓடும். ஒரு கட்டி பாக்க முடியாது!"

"அப்போ உங்களுக்கும் ஒரு கிண்ணம் வைங்க. உறையலன்னா அக்காவோட ஊசிய எல்லாம் நானே குப்பையில போடுறேன்."

கூட்டம் கை தட்டியது. பக்தர்களுக்குத் தங்கள் சாமிமேல் அவ்வளவு நம்பிக்கை! பாவம், சாமிக்குத்தான் இல்லை. ஒய்வாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் புதுப் பிளேடு வந்தது, தைமி கையாலேயே முதுகில் கீறல் விழுந்தது, கிண்ணமும் ஏறியது. ஏறிய வேகத்திலேயே ஒய்வா, "போதும், எடுத்துடலாம்" என்றார்.

"உக்காருங்கண்ணே. எங்களுக்கெல்லாம் கால் மணி, உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?"

கால் மணி கழித்துத் தைமி கிண்ணத்தை உயர்த்தினாள். உள்ளே ஈரல் துண்டு ஜம்மென்று ஆடியது.

"அடடா, அண்ணனுக்கும் கெட்ட ரத்தம்!" என்று ஒருவர் உச்சுக்கொட்டினார். அவ்வளவு பார்த்தும்!

"கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. வெளிய வந்தா யாரு ரத்தமும் உறையும்" என்றாள் தைமி. "பன்னி வெட்டுற அன்னிக்கு அம்மா நம்ம கையில கரண்டியக் குடுத்து, ரத்தத்தக் கிண்டிக்கிட்டே இருன்னு உயிர வாங்குமே, எதுக்கு? நிறுத்தினா உறைஞ்சுடும், மாவு கலந்து ரத்த அப்பம் சுட முடியாது. அந்தப் பன்னிக்கும் இவர்தான் வைத்தியமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு அவர்கள் உட்கார்ந்திருந்த பலகை பலகையாய்த் தாவியது. ரத்த அப்பம் தின்னாத வாய் அங்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, ஊசி போட்டா ரத்தம் லேசுல உறையாது. உறையலன்னா இவரு எதத் தூக்கிக் காட்டுவாரு? அதான் நிறுத்தச் சொல்லிருக்காரு. உன் உயிரு போனா இவருக்கென்ன?"

ஹில்க்காவுக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. சின்ன வயதில் கை வலிக்க வலிக்க அந்தக் கரண்டியைப் பிடித்தவளே அவள்தான்! "வண்டிய எடுடி, ஆஸ்பத்திரிக்கு" என்றாள். துண்டைக்கூட மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர், நல்லவேளை கட்டி நகரவில்லை என்றார். ஊசி மறுபடி வயிற்றில் ஏறியது. இந்த முறை ஹில்க்கா அழவில்லை.

உறைகிற ரத்தத்துக்கு ஊசி இருக்கிறது. உறைந்துபோகிற மூளைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசி இல்லை. அதை அவரவர்தான் விடாமல் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும்!