பொம்புளைக் கூலி

"ஆயிரம் குறையுது போடியார்."

தனுஷியா தன் கையிலிருந்த ஆயிரத்து ஐந்நூறையும் நிலோஜன் கையிலிருந்த இரண்டாயிரத்து ஐந்நூறையும் மாறிமாறிப் பார்த்தாள். காலை ஏழு மணியிலிருந்து இருவரும் ஒரே வயலில் ஒரே புல்லைத்தான் பிடுங்கினார்கள். நிலோஜன் கொஞ்சம் நெல்லையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தான். அதற்குத்தான் அந்த ஆயிரம் போலும்.

"அவன் மருந்தடிக்கிற தாங்கி சுமக்கிறவன் புள்ள," என்றார் கூலி கொடுத்துக்கொண்டிருந்த வினாயகமூர்த்திப் போடியார்.

"இண்டைக்குச் சுமக்கல்லயே?"

"சுமக்கக்கூடியவன்!"

மறுநாள் தாங்கி தனுஷியாவின் முதுகில் ஏறியது. பதினாறு லீற்றர். பகல் இரண்டு மணிக்குள் மூன்று ஏக்கரையும் அடித்து முடித்துவிட்டாள்.

"தாங்கிய நீங்களே வெச்சிருங்க அக்கா," என்றான் நிலோஜன். "எனக்கு இண்டைக்குத்தான் முதுகு சுகமா இரிக்கி."

போடியார் மணிக்கூட்டைப் பார்த்தார். "வேளைக்கு முடிச்சிட்டாய். அரைநாள் கூலிதான்."

எழுநூற்றைம்பது ரூபாய். தனுஷியா அதை இரண்டு தரம் எண்ணினாள். வீட்டில் மூன்று பிள்ளைகள், கணவன் இல்லை. நிலோஜனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை.

மூன்றாம் நாள் அவள் நிலோஜனை அப்படியே பின்பற்றினாள். அவன் பீடிக்குப் போனால் இவள் வரம்பில் குந்தினாள். அவன் போன் பேசினால் இவளும் போனை எடுத்தாள். நாலு தரம் தேத்தண்ணி குடித்தார்கள்.

"பாத்தியா? பொம்புளையள் வேலையில சுணக்கம். இருநூறு வெட்டு," என்றார் போடியார். நிலோஜனுக்கு முழுக்கூலி.

"அப்ப நான் என்னதான் செய்யிற போடியார்?"

"ஆம்புளையாப் பிறந்திரிக்கணும் கா!"

சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கூலியை வாங்காமல், கால் சேற்றைக் கழுவாமல், வெல்லாவெளியில் அவர் வீடு வரைக்கும் நடந்துபோய் வாசல் படலையில் நின்று கத்தினாள்.

"கடையில அரிசிக்குப் பொம்புளை விலையெண்டு தனியா இரிக்கா போடியார்? வெளியில வாங்க!"

முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அன்னப்பூரணிதான் வந்தார். மூன்று நாள் கதையையும் கேட்டார். போடியார் மெல்ல மாட்டுப் பட்டிப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"நில்லுங்க அங்கயே," என்று அவரை அதட்டிவிட்டு, அன்னப்பூரணி தனுஷியாவிடம் சொன்னார்:

"இந்த வட்டை வயலெல்லாம் என்ட சீதனம், புள்ள. ஆம்புளைக்கும் பொம்புளைக்கும் ஒரே கூலி எண்டுதான் நான் நாளும் காசு குடுத்தனுப்புற. அப்ப இவ்வளவு காலமும் இந்த மனிசனுக்குச் சம்பளம் குடுத்து வேலைக்கு வெச்சிருந்தது நீதான் கா!"