மாட்டுச் சங்கிலியில் கட்டிய சைக்கிளும் மஞ்சள் வைக்காத மார்க்கவசமும்

விழுப்புரம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா திரு. சீனுவாசன் அவர்கள் சமூகத்துக்குத் தங்கள் மருமகன் பூவரசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், அத்தையும், மல்லாட்டைப் பயிரும், மோட்டார் கொட்டகையில் மாட்டுச் சங்கிலியால் கட்டிப்போட்ட என் சைக்கிளும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் கூப்பிட்டால் தாங்கள் "இந்தா, உன் மருமவன்" என்று அத்தையிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அத்தை "சாப்ட்டீங்களா" என்பதைத் தாண்டுவதில்லை. ஆகவே கடிதம்.

தங்கள் மகள் கலைப்பிரியா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செஞ்சிப் பக்கத்துப் பாறைக்குன்றுகளில் நான் சைக்கிளில் ஏறி இறங்குவதும், போன மாதம் ஒரு பாறையில் உருண்டு தாடையில் பிளாஸ்திரியோடு திண்டிவனம் வந்து தங்கள் முன் நின்றதும் தாங்கள் அறிந்ததே. "மலையில ஆடு ஏறும், சாமி ஏறும், சைக்கிளு எங்கியாச்சும் ஏறுமா மாப்ள? பொண்ண வாரிக் குடுத்துட்டோம். உங்களயும் அந்தப் பாறைக்கே குடுத்துட்டு நான் இன்னா பண்றது?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுப் பசுமாட்டை அவிழ்த்து வெளியே விட்டு அதன் சங்கிலியில் சைக்கிளைக் கட்டினீர்கள். "கழுத்துலேர்ந்து கணுக்கால் வரிக்கும் கவசம் வாங்கிக்கினு வாங்க, அவுத்து வுடறேன்" என்றும் சொன்னீர்கள். காரியத்தன்று ஊராரிடம் "மாப்ள கல்லு மாதிரி நிக்கறாரு, ஒரு சொட்டு கண்ணீரு இல்ல" என்று தாங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. கல்லுக்கு எதற்குக் கவசம் என்று கொட்டகையில் கேட்டிருக்கலாம். பசு பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

சரி, வாங்கிடலாம்னு பாண்டிச்சேரியில ஒரு கடைக்குப் போனேன். கம்பெனியில எனக்கு குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் வேலைன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு போல்ட்டு நட்டுக்கே சர்ட்டிபிகேட் கேக்கறவன், முதுகெலும்புக்குக் கேக்க மாட்டேனா? லெவல் ஒன்னு, லெவல் ரெண்டுன்னு ரெண்டு வகை இருக்கு. விழுற அடியில லெவல் ஒன்னு எவ்வளவு உள்ள விடுதோ, லெவல் ரெண்டு அதுல சுமார் பாதிதான் விடும். "டெஸ்ட் ரிப்போர்ட் இருக்குதா?"ன்னு கேட்டேன். கடைக்காரர், "சார், அதெல்லாம் கம்பெனியில இருக்கும். நீங்க போட்டுப் பாருங்க, ஃப்ரீயா இருக்குதா, எங்கனா குத்துதா?"ன்னார். போட்டேன். குத்துதா இல்லையான்னு எனக்குத் தெரியல மாமா. கைய தூக்கச் சொன்னார், தூக்குனேன். குனியச் சொன்னார், குனிஞ்சேன். "எப்டி சார் இருக்குது?"ன்னார். "எப்படி இருக்கணும்?"னு கேட்டேன். அவர் பயந்து போய் முழங்கால் பேடுல தள்ளுபடி குடுத்தார். உள்ள இருக்கறது ஒரு தினுசு நுரை. கையால அமுக்குனா கேப்பை மாவு பிசைஞ்ச மாதிரி கொழகொழன்னு இருக்கும், ஓங்கி அடிச்சா அந்த நொடிக்கு இறுகிப் போயிடும். முதுகு, மார்பு, தோள், முழங்கை, முழங்கால்னு முழு செட்டா லெவல் ரெண்டே வாங்கிட்டேன்.

வாங்குன பெட்டியைத் தூக்கிக்கினு பஸ்ஸுல நிக்க முடியாதுன்னு செட்டை அங்கியே மாட்டிக்கினு ஏறுனதுதான் வினை. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் விரைப்பா நின்னு, "ஸ்டாஃபுங்களா சார்? பந்தோபஸ்தா?"ன்னு டிக்கெட் குடுக்காம போனார். நான் வலுக்கட்டாயமா டிக்கெட் வாங்குனதும் இன்னும் பெரிய ஆபீசர்னு நினைச்சிட்டார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல இறங்குனேன். கொய்யாக்கா வண்டிக்காரம்மா தூரத்துலயே பார்த்துட்டு, "ஏ, ஆக்கிரமிப்பு எடுக்க வந்துட்டான்டீ, ஜல்தியா தள்ளு!"ன்னு ஒரு சவுண்டு விட்டாங்க. வரிசையா இருந்த தள்ளுவண்டியெல்லாம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான், "இல்லைங்க, இது சைக்கிளுக்குங்க!"ன்னு கத்திக்கினு பின்னாடியே ஓடுனேன். அது துரத்தற மாதிரி ஆயிடுச்சு. கடைசியில ஒரு அம்மா திரும்பி நின்னு, கையில ஒரு கிலோ கொய்யாக்காவைத் திணிச்சி, "வுட்டுடு சாமி"ன்னாங்க. காசு குடுத்தா வாங்கல.

வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லியே மறிச்சிட்டாங்க. "வருசம் திரும்பல, அதுக்குள்ள புதுத்துணி போட்டுக்கினு வந்து நிக்கறியே, உனக்கே அடுக்குமாடா?"

"துணி இல்லம்மா, நுரை."

"நுரையா இருந்தா இன்னா? கையி இருக்குது, ஜிப்பு இருக்குது, உடம்புல மாட்டறது. துணிதான். கழட்டு."

எதிர்வீட்டு ஆரோக்கியசெல்வி அக்கா, "ஏம்மா, செருப்பு புதுசா வாங்குச்சே, அதுக்கு ஒன்னும் சொல்லலியே?"ன்னு எனக்காகப் பேசுனாங்க. "செருப்புக்கு யாராச்சும் மஞ்சள் வெப்பாங்களா?"ன்னு அம்மா ஒரே கேள்வியில அவங்களை உள்ள அனுப்பிட்டாங்க. அப்புறம் தீர்ப்பு சொன்னாங்க. துக்க வருஷத்துல புதுசு போடணும்னா பொண்ணு குடுத்த வீட்டுல, மாமனார் கையால மஞ்சள் வெச்சி போட்டு விடணுமாம். அதுக்கு முன்னாடி இது நிசமாவே தாங்குதான்னு அவங்க பார்க்கணுமாம். களி கிண்டுற துடுப்பை எடுத்துக்கினு வந்து முதுகுல ஒன்னு போட்டாங்க. "வலிக்குதாடா?" இல்லன்னேன். இன்னும் ஓங்கி ஒன்னு. "இப்ப?" இல்லன்னேன். பேடு இல்லாத இடமா பார்த்து மேல்கையில ஒன்னு விட்டாங்க. "இப்ப?" அப்பவும் இல்லன்னுதான் சொன்னேன் மாமா, பொய் இல்ல. அம்மா துடுப்பைக் கீழ போட்டுட்டு உள்ள போய்ட்டாங்க. அன்னிக்கி களி கிண்டல.

ஆகவே கவசம் தயார். சோதனையிலும் தேறிவிட்டது. தாங்கள் ஒரு நல்ல நாள் பார்த்து, தங்கள் கையால் மஞ்சள் தொட்டு வைத்து எனக்குப் போட்டுவிட்டு, சங்கிலியை அவிழ்த்து சைக்கிளை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பசுவுக்கும் சங்கிலி திரும்பக் கிடைக்கும். அத்தைக்கு என் வணக்கம். நான் சாப்பிட்டுவிட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும். அம்மா தங்கள் இருவரையும் கேட்டதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
பூவரசன்.

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்துல அத்தை போன் பண்ணாங்க. "சாப்ட்டீங்களா"ன்னு கேக்கல. "மாப்ள, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. உங்க மாமா தினம் விடியக்காத்தால அந்த சைக்கிள அவுத்துக்கினு ஏரிக்கரைக்குப் போறாரு. இன்னிக்கி கரையிலேர்ந்து உருண்டு முள்ளுல போய் வுழுந்துட்டாரு. முட்டி பேந்துடுச்சி. அங்கியே குந்திக்கினு ஓன்னு அழுவறாரு. கலை போனதுலேர்ந்து அழாத மனுசன். இன்னாய்யான்னு கேட்டா, முட்டி வலிக்குதுன்றாரு."

முட்டி அப்படித்தான் வலிக்கும் அத்தைன்னு சொன்னேன்.

அதனால மேலே எழுதியது எல்லாம் ரத்து. சைக்கிள் அங்கியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை செட்டை எடுத்துக்கினு வர்றேன், நானே உங்களுக்கு மாட்டி விடறேன். அதுவரைக்கும் முன் பிரேக்கை மட்டும் தனியா புடிக்காதீங்க மாமா, அதுதான் தூக்கி அடிக்கும். அப்புறம், கரையில எந்த இடம்னு காட்டுங்க. நானும் அங்க ஒரு தடவை விழுந்து பாக்கணும்.