சாம்பல் நிறச் சைக்கிள் விஷயமாக மைத்துனருக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் உங்கள் அக்கா சௌக்கியம். உங்கள் மருமகள் வாலு சௌக்கியத்துக்கும் ஒரு படி மேல். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இடது முழங்காலில் கட்டுப் போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

மருமகளுக்குத் தாய்மாமன் சைக்கிள் வாங்கித் தந்ததைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் கடையில் எத்தனையோ நிறம் இருந்திருக்குமே, சாம்பல் நிறத்தையா தேடிப் பிடித்தீர்கள்? எங்கள் தெரு சாம்பல், மதில்சுவர் சாம்பல், மழை மூட்டம் போட்டால் வானமும் சாம்பல். அவள் ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம்தான் போனாள், சைக்கிளைக் காணோம், இரட்டைச் சடை மட்டும் அந்தரத்தில் மிதந்து போகிறது. நானோ காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க விபத்து மனுக்களைப் படிக்கிறவன். இடித்த வண்டிக்காரர் யாராக இருந்தாலும் கடைசியில் எழுதுவது ஒரே வரிதான்: 'நான் பார்க்கவே இல்லை.' பாவம், பாதிப்பேர் பொய்யும் சொல்லவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மிதந்து போகும் அந்தச் சடையைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

முதலில் தலைக்கவசம் வாங்கினேன். வளருகிற பிள்ளையாயிற்றே என்று ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன். போட்டதும் அது மூக்கு வரைக்கும் இறங்கி உட்கார்ந்துகொண்டது. "அப்பா, ஒரே இருட்டா இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே வாலு மிதித்தாள். சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக் கேட்டிலேயே போய் முட்டிவிட்டாள். நல்லவேளை, கேட்டுக்குத்தான் அடி. கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன பாவாடையா, வளர வளர மடிப்பைப் பிரிச்சு விட? புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் இருக்கணும், தலையை ஆட்டினா அசையக் கூடாது" என்று வேறு மாற்றிக் கொடுத்தார். அடுத்து, சாலை போடுகிறவர்கள் மாட்டியிருப்பார்களே, பளபளவென்று வெள்ளிப்பட்டை வைத்த மஞ்சள் மேலங்கி, அதில் ஒன்று வாங்கி வந்தேன். முழங்காலுக்குக் கீழே தொங்கி, சக்கரத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. உங்கள் அக்கா வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே அதை வெட்டிச் சுருக்கித் தைத்தாள். பிறகு முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, சக்கரக் கம்பியில், புத்தகப் பையில், செருப்பின் குதியில்கூட ஒளிரும் பட்டை. "பொண்ணை சைக்கிள்ல அனுப்பறீங்களா, இல்ல கடைக்கு விளம்பரம் பண்றீங்களா?" என்று கேட்டாள் உங்கள் அக்கா. கேட்கட்டும். அன்று முதல் தெருவில் அவளைப் பார்க்காத ஆளே இல்லை. ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் மெதுவாக ஏறி நின்றுவிட்டார்.

இத்தனை செய்தும் என் மனசு அடங்கவில்லை மைத்துனரே. எல்லாருக்கும் தெரிகிறாள், சரி. முனை திரும்பினால் எனக்குத் தெரியவில்லையே! அதனால் பாட்டு வகுப்புக்கு அவள் சைக்கிளில் போனால், நான் பின்னாலேயே ஓட ஆரம்பித்தேன். நேற்று சாயங்காலம் தூறல். வெளிச்சம் மங்கிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்த கோலத்திலேயே, கறுப்புக் கால்சட்டை, கருநீலச் சட்டை, கறுப்புக் குடையோடு ஓடினேன். மருந்துக்கடை முனையில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. வாலு அதன் ஓரத்தில் நின்று, காலை ஊன்றி, எட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறம்தான் போனாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தவன் என்ன செய்தேன்? ஐயோ, மறைந்துவிட்டாளே என்று வேனுக்குப் பின்னாலிருந்து நேராக ரோட்டில் பாய்ந்தேன். ரொட்டிக் கடைக்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்திருக்கிறார். குடை ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம், நான் நடுரோட்டில். "சார், சார், சத்தியமா நான் பார்க்கவே இல்லை சார்!" என்று அந்த மனுஷன் அழாத குறை.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு கார் வருகிற வெளிச்சம். எழுந்திருக்க முடியவில்லை, கால் மடங்கவில்லை. அப்போது பார்க்கிறேன், வாலு திரும்பி வந்து, சைக்கிளை நடைபாதையில் சாய்த்துவிட்டு, முன்விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் நின்றபடியே காரைப் பார்த்து வீசுகிறாள். "ரோட்டுக்கு வராதே! வராதே!" என்று கத்தினேன். "நான் வரலப்பா, நீங்க எந்திரிங்க!" என்று பதிலுக்குக் கத்தினாள். கார் நின்றது. ஓட்டி வந்த அம்மா இறங்கி வந்து, "அந்தப் பொண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சதாலதான் பிரேக் போட்டேன். நீங்க கிடக்கிறதே தெரியலையே" என்றார். அவருக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகவே மைத்துனரே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். குழந்தையிடம் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவளிடம் குறை ஒன்றும் இல்லை. என் நெஞ்சுக்குத்தான் இதைத் தாங்கும் சக்தி இல்லை. உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. போகிற வழியெல்லாம் உங்களுக்குப் பத்திரமாக அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். "பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதுங்கறதை மட்டும் ஏன் எழுதலை?" என்றாள். வாலு காதில் அது விழுந்துவிட்டது. அதனால் சைக்கிளை எடுத்துப்போக வேண்டாம். வரும்போது பெரியவர்கள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று, கண்ணைப் பறிக்கிற சிவப்பில், பார்த்துக் கொண்டு வாருங்கள். முழங்கால் ஆறியதும் மைதானத்தில் வாலுவே எனக்குப் பாடம் எடுப்பாளாம். சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடி வருவாளாம். "எப்போ கையை எடுப்பே? முன்னாடியே சொல்லிடும்மா" என்று கெஞ்சினேன். "சொன்னா பயத்துல விழுந்துடுவீங்க. சொல்ல மாட்டேன்ப்பா" என்கிறாள்.