இருநூறு மெகாபிக்சல் மாப்பிள்ளை

"போட்டோ தெளிவா இல்லையாம் தம்பி. வேற ஒண்ணு அனுப்பச் சொல்றாங்க."

தரகர் துரைராசு அவ்வளவுதான் சொன்னார், வைத்துவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். கும்பகோணத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் எந்நேரமும் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருப்பவர். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுவார். அந்தப் பக்கம் நாலு வார்த்தை சொன்னால் இந்தப் பக்கம் ஒரு வார்த்தை வந்து சேரும். மீதி மூன்று வழியில் எங்கேயோ காற்றோடு போய்விடும்.

தியாகேசன் வலங்கைமான் பக்கத்துக்காரன். முப்பத்துநாலு வயது. சொந்தமாக நாலு ஏக்கர், குத்தகைக்கு மூன்று ஏக்கர். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, பார்க்கவும் லட்சணமாகத்தான் இருப்பான். ஆனாலும் இதுவரை பதினேழு பெண் வீடுகள் அவனைத் தட்டிக் கழித்துவிட்டன. "பையன் என்ன பண்றாரு?" என்பார்கள். "விவசாயம்" என்றதும், "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். அந்தக் கலந்து பேசுவது மட்டும் இன்றுவரை எந்த வீட்டிலும் முடிந்தபாடில்லை.

"பதினேழு வீட்டுலயும் ஒருத்தரும் போட்டோகூடக் கேக்கல. இவங்க இன்னொண்ணு கேக்குறாங்கன்னா, பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரிடா" என்றாள் அவன் அம்மா தங்கமணி.

பெண்ணின் பெயர் ஷோபனா. பி.எஸ்சி. படித்தவள், அரசாங்க உத்தியோகம். அவளைப் பற்றித் துரைராசு கடத்திய தகவல் மொத்தமும் இதுதான். அதற்கே அம்மாவும் பிள்ளையும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சிக்கல் அந்த முதல் போட்டோவில்தான். வயலின் மேற்கு மூலையில் வரப்பின்மேல் தியாகேசனை நிறுத்தி, அவனுடைய பழைய போனில் தங்கமணி எடுத்தது. அந்த போன் ஐந்து வருஷமாக அவன் சட்டைப் பையில் மோட்டார் திருப்புளியோடு குடும்பம் நடத்தி வந்தது. லென்ஸ் முழுக்கக் கீறல். போட்டோவில் ஒரு ஓரத்தில் தங்கமணியின் கட்டைவிரல். நடுவில், விறைத்துப்போய் தியாகேசன். பின்னால் சம்பாப் பயிர். அதில் முறம் அளவுக்கு ஓரிடம் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் பத்தவில்லை போல என்று நினைத்து, அன்றைக்கே மடையை வெட்டி வயலில் தண்ணீரை நிறுத்தியிருந்தான்.

"இந்தப் பொண்ணை விடப்போறதில்லம்மா. என்ன செலவானாலும் சரி, என் முகத்தைத் தெளிவா காட்டிட்டுத்தான் மறுவேலை" என்றான் தியாகேசன்.

அடுத்த பஸ்ஸில் கும்பகோணம் போனான். செல்போன் கடை அஹமது கபீர் அவனுக்குப் பழக்கம்.

"என்ன தேவைக்குண்ணே? கேம் விளையாடவா, படம் பார்க்கவா?"

"பொண்ணு பார்க்க, பாய்."

பன்னிரண்டு வருஷ வியாபாரத்தில் கபீர் இந்தப் பதிலைக் கேட்டதில்லை. ஒரு போனை எடுத்து வைத்தார். "இது கேமரா அம்பது மெகாபிக்சல்."

"அதுக்கு மேல?"

"நூத்தியெட்டு."

"அதுக்கு மேல?"

"இருநூறு இருக்கு. ஆனா நெசத்தைச் சொல்றேண்ணே, நம்பரைப் பார்த்து வாங்காதீங்க. லென்ஸ் நல்லா இருக்கணும், வெளிச்சம் நல்லா இருக்கணும், எடுக்கிற கை ஆடாம இருக்கணும். உங்களுக்கு அம்பதே ஏராளம்."

"பாய், ஏக்கருக்கு முப்பது மூட்டை காணுற விதை ஒண்ணு, அம்பது மூட்டை காணுற விதை ஒண்ணு. நான் எதை வாங்குவேன்?"

கபீர் அலமாரியைத் திறந்தார். இருநூறையே எடுத்துக் கொடுத்தார். பயிருக்கு மருந்தடிக்க வைத்திருந்த பணம் அப்படியே போனது. மருந்தை அடுத்த மாதம்கூட அடித்துக்கொள்ளலாம், பெண் அடுத்த மாதம் வரைக்கும் காத்திருப்பாளா என்பது தியாகேசனின் கணக்கு.

வாசலில் நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்துக் காட்டினார் கபீர். "பார்த்தீங்களா, உங்க முகம் மட்டும் பளிச்சுன்னு நிக்குது. பின்னாடி எல்லாம் மங்கிப்போச்சு. இதுக்குத்தான் இத்தனை காசு."

உண்மைதான். பின்னால் வாழைக்காய் வண்டி, டவுன் பஸ், பாதிக் கும்பகோணம் எல்லாம் கரைந்து போயிருந்தன. தியாகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் முகத்தை இத்தனை மரியாதையாக யாரும் இதுவரை நடத்தியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அங்கே நின்றபடியே அதைத் துரைராசுவுக்கு அனுப்பினான்.

மறுநாள் துரைராசு கூப்பிட்டார். "முன்னதைவிட மோசமாம் தம்பி."

"என்னது!"

"ஒண்ணுமே தெரியலையாம்."

வைத்துவிட்டார்.

தங்கமணி போனை வாங்கி, போட்டோவை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். காதோரம் ஏழு நரை முடி. புருவத்துக்கு மேலே, சின்ன வயதில் மதகிலிருந்து குதித்து வாங்கிய தழும்பு. மூக்கின்மேல் அம்மைத் தடம் இரண்டு.

"எல்லாம் தெரிஞ்சதுதாண்டா வினை. மாப்பிள்ளை போட்டோவுக்கு எதுக்குடா இவ்வளவு உண்மை? தெரியலன்னு அவங்க சொல்றது மரியாதைக்கு."

தியாகேசன் தளரவில்லை. தலைக்கு மை அடித்துக்கொண்டான். போனில் முகத்தை அழகாக்கும் வசதி ஒன்று இருந்தது. அதை முழு அளவுக்கு ஏற்றி வைத்தான். சட்டையை மாற்றினான். இந்தத் தடவை இடத்தையும் மாற்றச் சொன்னாள் தங்கமணி.

"கவர்மெண்டு உத்தியோகம் பார்க்குற பொண்ணு. சேத்தையும் பயிரையும் கண்டா முகம் சுளிக்கும். வயல் வாடையே படக்கூடாது."

பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் ரோஸ் சுவருக்கு முன்னால் நின்று எடுத்தார்கள். தழும்பு போயிற்று, நரை போயிற்று, கூடவே மூக்கும் பாதி போயிற்று. உரித்த நுங்கு மாதிரி இருந்தான். தங்கமணி திருஷ்டி கழித்துவிட்டு அனுப்பினாள்.

"இதுல அது இல்லவே இல்லையாம்" என்றார் துரைராசு. அவர் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. "மொத போட்டோ எடுத்த இடத்துலயே திரும்ப எடுக்கணுமாம். நல்ல வெளிச்சத்துல."

"எது இல்லையாம்?"

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. லைன் போய்விட்டது.

"எதுன்னு என்னடா கேள்வி? களை இல்லையாம். முகக்களை" என்றாள் தங்கமணி. "அன்னைக்கு வயல்ல நின்னப்ப இருந்த களை சுவருக்கு முன்னாடி வரல. சரி, அவங்க இஷ்டப்படி அங்கயே எடுத்துடுவோம்."

இருவரும் மேற்கு மூலைக்குப் போனார்கள். போனால், முறம் அளவு வெளுத்துக் கிடந்த இடம் இப்போது பாய் அளவுக்கு வட்டமாகக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டம் தொடங்கியிருந்தது.

தங்கமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இதை அந்தப் பொண்ணு பார்த்துச்சு, அவ்வளவுதான். பயிரையே பார்த்துக்கத் தெரியாதவன் பொண்டாட்டியை எப்படிப் பார்த்துக்குவான்னு கேக்கும்."

"ஒரு வாரம் டைம் குடும்மா. போட்டோவுக்குப் பச்சைப் பசேல்னு ஆக்கிக் காட்டுறேன்."

இரண்டு மூட்டை யூரியாவைக் கொண்டுவந்து வீசினான். தண்ணீரை இன்னும் ஒரு சாண் ஏற்றிக் கட்டினான். பக்கத்து வயல்காரர் வீரையன் வரப்பில் போகிறவர் நின்று பார்த்தார்.

"வட்டமா காயுதே தியாகு, என்ன ஏதுன்னு பிரிச்சுப் பார்த்தியா?"

"போட்டோ முடியட்டும்ணே, பார்க்கிறேன்."

வீரையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

ஒரு வாரத்தில் மற்ற பயிர் கரும்பச்சையாய்ச் சிலிர்த்து நின்றது. காய்ந்த இடம் மட்டும் களம் அளவுக்கு விரிந்திருந்தது. பச்சைக்கு நடுவில் அது இப்போது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். தியாகேசன் இரண்டு மூங்கிலைக் கொண்டுவந்து ஊன்றினான். அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவை நல்லவேளையாகப் பச்சை நிறம். அதை விரித்து, காய்ந்த பயிருக்கு முன்னால் திரையாகக் கட்டி, அதற்கு முன்னால் நின்றான். காற்று அடித்தபோதெல்லாம் ஜரிகை முந்தி அவன் தலையில் வந்து விழுந்தது. தங்கமணி ஒரு கையால் முந்தியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நாற்பத்தாறு போட்டோ எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வீரையன் மறுபடி வந்தார்.

"என்ன தங்கச்சி, பயிருக்குச் சீமந்தமா?"



நாற்பத்தாறில் நல்லதாக ஒன்று தரகருக்குப் போயிற்று. இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் துரைராசு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டே பேசினார். விஷயம் அவ்வளவு பெரியது.

"போட்டோவே வேண்டாம்னுட்டாங்க தம்பி."

தியாகேசன் விரல்விட்டு எண்ணினான். பதினெட்டாவதும் போயிற்றா?

"நேர்ல வர்றாங்களாம், ஞாயித்துக்கிழமை. பொண்ணும் வருதாம். அதுதான் ஒத்தக்கால்ல நிக்குதாம், பார்த்தே ஆகணும்னு."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது ஊர் வழக்கம். பெண்ணே கிளம்பி வருவது எந்த வழக்கத்திலும் இல்லை. "போட்டோவுல இருக்கிற முகம் நெசந்தானான்னு சோதிக்க வருது பாரு" என்று தங்கமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். மாடி வீட்டிலிருந்து சோபா இரவல் வந்தது. மண்வெட்டி, கைத்தெளிப்பான், சாக்கு எல்லாம் கொல்லைக்குப் போயின. தியாகேசன் மறுபடியும் தலைக்கு மை அடித்துக்கொண்டு, புது போனைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பத்து மணிக்குக் கார் வந்தது. பெண்ணின் அப்பா மருதையனும் அம்மாவும் இறங்கி உள்ளே வந்தார்கள். மூன்றாவது ஆள் இறங்கவில்லை.

"வாங்க, வாங்க" என்ற தங்கமணி வாசலையே பார்த்தாள். "பொண்ணு?"

"வருவா, வருவா. வழியில இறங்கிட்டா" என்றார் மருதையன், கொஞ்சம் சங்கடமாக.

பார்க்கக்கூடப் பிடிக்காமல் வழியிலேயே இறங்கிவிட்டாள்!  மூன்று வாரமாக இழுத்துப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிட்டது. தியாகேசன் எழுந்து நின்றான்.

"அய்யா, ஒளிக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க. தலையில அடிச்சிருக்கிறது மை. புருவத்துக்கு மேல தழும்பு இருக்கு. இந்த சோபா எங்களுது இல்ல. நான் சேத்துல நிக்கிற ஆளு, நாளைக்கும் சேத்துலதான் நிப்பேன். உங்க பொண்ணுக்கு என் முகம் தெளிவா தெரியணும்னுதான் இத்தனையும் பண்ணேன். உங்க பொண்ணு மேல ஆசைப்பட்டுப் பண்ணினதுங்க. தப்புன்னா மன்னிச்சுடுங்க."

தங்கமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருதையன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"முகமா?" என்றார் மருதையன்.

எழுந்து கொல்லைப்பக்க ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினார். தூரத்தில், வயலின் மேற்கு மூலையில், ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். குனிந்து பயிரைக் கொத்தாகப் பிரிப்பதும், தூரில் தட்டுவதும், தண்ணீரை உற்றுப் பார்ப்பதுமாக இருந்தாள். வரப்பில் வீரையன் கைகட்டி நின்று அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தியாகேசன் போனை எடுத்து, இரண்டு விரலால் அந்த மூலையை இழுத்துப் பெரிதாக்கினான். இருநூறு மெகாபிக்சலும் அன்றைக்குத்தான் முதல்தடவையாக உருப்படியாய் ஒரு வேலை செய்தது. அவள் தோள் பையில் எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது: வேளாண்மைத் துறை.

மருதையன் அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க முகத்துக்கு அவ மொத போட்டோவுலயே சரின்னுட்டா மாப்ள, மூணு வாரமா தெளிவா காட்டுங்க, தெளிவா காட்டுங்கன்னு அவ தரகர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தது, உங்களுக்குப் பின்னாடி புகையான் பூச்சி விழுந்து காய்ஞ்சுக்கிட்டிருந்த பயிரை."