மேஜரின் ஏழாவது ஆள்

ராணுவத்தின் பக்கமே போகாமல் மேஜர் ஆனவர் இந்தச் சிங்கப்பூரிலேயே ஒருவர்தான். அவர் ஒரு டைப்பிஸ்ட். அதுவும் பெண்.

எண்பதுகளில் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். தட்டச்சுப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. காலை எட்டரைக்கு அவருடைய குதிகால் செருப்புச் சத்தம் லிஃப்டிலிருந்து கிளம்பினாலே பன்னிரண்டு டைப்ரைட்டர்களும் தாமாக அடிக்கத் தொடங்கிவிடும் என்பார்கள். அது மிகை. பதினொன்றுதான் அடிக்கும், பயத்தில் ஒன்றின் ரிப்பன் சிக்கிக்கொள்ளும்.

முகத்துக்கு நேரே அவர் எங்களுக்கு ‘அக்கா’. முதுகுக்குப் பின்னால் ‘மேஜர்’. ஒரு பெண் லீவு கடிதத்தில் பதற்றத்தில் ‘டியர் மேஜர்’ என்றே அடித்துவிட்டாள். அக்கா அதிலிருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு லீவு கொடுத்தார். ‘மேஜர்’ என்பதை மட்டும் திருத்தவில்லை.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் முழுக்க அவரிடம் நடுங்காத ஒரே ஆள் நான்தான் என்று அவர் எப்படியோ தீர்மானித்திருந்தார். உண்மையில் நான் நடுங்குவது வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், “வா, சிராங்கூன் ரோட்டுக்கு ஒரு வேலையாப் போறேன்” என்றார். நான் புடவைக் கடை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் நேராக ஒரு பொம்மைக் கடைக்குள் நுழைந்தார். ஒரு சாண் உயரத்தில், கை கால் மடக்கக்கூடிய சிப்பாய்ப் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்து முழங்கையை மடக்கினார், இடுப்பைத் திருப்பினார், பல்லைத் தவிர எல்லாவற்றையும் பரிசோதித்தார்.

கடைக்காரர் அன்பாகக் கேட்டார். “பையனுக்கு எத்தனை வயசும்மா?”

“முப்பத்திரண்டு.”

“மூணா, ரெண்டாம்மா?”

“முப்பத்திரண்டு. பையனுக்கு இல்ல, எனக்கு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

“கிஃப்ட் பேப்பர் சுத்தட்டுமா?” என்றார் அவர் சன்னமான குரலில்.

“வேணாம். பஸ்ஸுல பாத்துக்கிட்டே போகணும்.”

அப்படித்தான் போனோம். மடியில் சிப்பாயை உட்கார வைத்துக்கொண்டு அக்கா கதையைச் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எவனோ ஒரு கப்பல் சமையல்காரன், தன் ஊருக்குத் திரும்பும்போது, “உன் பிள்ளைக்குக் கொடு” என்று ஏழு பொம்மைகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். சிப்பாய், விமானி, பாராசூட்காரன், வைத்தியன், ரேடியோக்காரன், பனிமலைக்காரன், கடலுக்குள் இறங்கும் டைவர். வீட்டிலிருந்த ஒரே பிள்ளை பெண் என்று சமையல்காரனுக்குத் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை. கொண்டுவந்து அவளிடமே கொடுத்தார். இரண்டு வருடம் அந்த ஏழு பேரும் அவள் சொல்படி நடந்தார்கள்.

“அப்புறம் நான் பெரியவளானேன். தண்ணி ஊத்தின அன்னைக்கே அம்மா ஏழு பேரையும் பிஸ்கட் டின்னுல போட்டு, சித்தி மகன்கிட்ட கொடுத்துட்டாங்க. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குச் சிப்பாயின்னு.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையாக்கா?”

“சொன்னேனே. நான் சம்பாதிச்சு ஏழு பேரையும் திரும்பக் கொண்டாருவேன்னு. அம்மா சிரிச்சாங்க.” சிப்பாயின் தொப்பியைச் சரிசெய்தார். “இது நாலாவது.”

மற்ற மூவரில் இருவர் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் கிடைத்தவர்கள். ஒருவனுக்குத் தொப்பி இல்லை, இன்னொருவனுக்கு மூக்கு இல்லை. விமானி ஹாங்காங்கிலிருந்து கப்பலிலேயே வந்தவன். எங்கள் ஆபீஸுக்கு வந்துபோகும் ஒரு கப்பல் அதிகாரி, “உங்களுக்கெல்லாம் என்ன வாங்கி வரட்டும்?” என்று மரியாதைக்குக் கேட்டார். மற்றவர்கள் சென்ட் பாட்டில் என்றார்கள். அக்கா ஒரு தாளில் விமானியின் படம் வரைந்து, முன்பக்கம், பின்பக்கம், உயரம் எல்லாம் குறித்து, விவரத்தை மூன்று பிரதி டைப் செய்து இணைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த அதிகாரி யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த விமானி அவர் மேசையில் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் நின்றான். புதிதாக வந்த மேனேஜருக்கு அது பொறுக்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, ஊர் வழக்கமான ‘லா’வையும் சேர்த்து, “இது ஆபீஸ் லா, விளையாட்டு மைதானம் இல்ல. பொம்மையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க” என்றார்.

பன்னிரண்டு டைப்ரைட்டர்களும் நின்றன.

அக்கா எழுந்து, மேனேஜர் அறையின் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பாய்மரமெல்லாம் விரித்து, மேசையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மரக்கப்பல் இருந்தது.

“சார், அந்தக் கப்பல் எப்ப புறப்படுது? சரக்கு பில் அடிக்கணும்.”

மேனேஜர் உள்ளே போனார். விமானி அங்கேயே நின்றான். மறுவாரம் மேனேஜரே தயங்கித் தயங்கி வந்து, “இவன் கண்ணாடி கழலுமா?” என்று கேட்டதாகவும், இருவரும் பத்து நிமிடம் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததாகவும் பியூன் சொன்னார்.

ஆபீஸில்தான் இப்படி என்றில்லை. கிறிஸ்துமஸுக்கு அவருடைய பங்குக் கோயிலில் குடில் வைத்தார்கள். மாடு, ஆடு, இடையர்கள், மூன்று ராஜாக்கள் எல்லாரும் இருக்க, வாசலில் பாராசூட்காரன் துப்பாக்கியோடு நின்றிருந்தான். ஃபாதர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

“என்னம்மா இது? சமாதானத்தின் அரசர் பிறந்திருக்காரு. துப்பாக்கியோட ஒருத்தன் நிக்கிறானே?”

“குழந்தையக் கொல்ல ஏரோது ராஜா ஆள் அனுப்புவான் ஃபாதர். அப்ப யாரு தடுக்கிறது? இந்த ஆடா?”

ஃபாதர் யோசித்தார். ஆட்டையும் ஒருமுறை பார்த்தார். கடைசியில் துப்பாக்கியை மட்டும் வைக்கோலால் மூடச் சொன்னார். மூன்று ராஜாக்கள் திருநாள் முடியும்வரை பாராசூட்காரன் காவலில் இருந்தான். குழந்தைகள் அவனைப் பார்க்கத்தான் அதிகம் வந்தார்கள்.

வீட்டில்தான் போர் ஓயவில்லை. தஞ்சோங் பகாரிலேயே, ஆபீஸுக்குப் பக்கத்தில், அம்மாவும் மகளும் மட்டும் இருந்த வீடு. நான் போகும்போதெல்லாம் அம்மா என்னிடம் முறையிடுவார். “ஒரு மாப்பிள்ளையப் பாருடின்னா, அலமாரி நிறைய ஆம்பளைங்கள நிறுத்தி வச்சிருக்கா. ஒருத்தனுக்காவது வேலை இருக்கா?”

“எல்லாருக்கும் கவர்மெண்ட் வேலைம்மா” என்பார் அக்கா.

நான்கு வருடத்தில் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். டைவர் மட்டும் அகப்படவே இல்லை. அலமாரியில் அவன் இடத்தில் ஓர் அட்டை நின்றது: ‘டைவர் – விடுப்பில்’. யாரையும் இடம் மாற்றி அந்த இடைவெளியை நிரப்ப அவர் விடவில்லை.

அந்தச் சித்தி மகன் வளர்ந்து, கான்ட்ராக்டராகி, தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் பெரிய வீடு வாங்கியிருந்தான். அவன் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். “நீயும் வா” என்றார் அக்கா. “கல்யாணம் ஆகலையான்னு கேக்கிறவங்களுக்கும் எனக்கும் நடுவுல உக்கார ஒரு ஆள் வேணும்.”

போனோம். அம்மாவும் கூட வந்தார். அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஒரே கூட்டம். அக்கா சொன்ன இடத்தில் நான் உட்கார்ந்து, இரண்டு பெரியம்மாக்களையும் ஓர் அத்தையையும் வெற்றிகரமாகத் தடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். ஹாலின் மூலையில், பெரிய மீன் தொட்டி முன்னால் அசையாமல் நின்றிருந்தார்.

தொட்டியின் அடியில், கூழாங்கல் நடுவே, பாசி பிடித்துப் பச்சையாக ஒருவன் நின்றான். முதுகில் ஓட்டை போட்டு ரப்பர் குழாயைச் செருகியிருந்தார்கள். அதிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது. ஒரு கால் இல்லை.

“தம்பி, இங்க வாடா. இது யாரு?”

“அதுவாக்கா? சின்ன வயசுல நீங்க கொடுத்த பொம்மைதான். மத்ததெல்லாம் அப்பவே போச்சு. இவன் மீனுக்குக் கம்பெனி லா.”

“நான் கொடுக்கல. எடுத்துக் கொடு.”

அவன் சிரித்தான். “அக்கா, இந்த வயசுல…” என்று இழுத்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தான். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். யாரோ, “பொம்பளைக்கு எதுக்கு…” என்று ஆரம்பித்தார்கள்.

அக்கா கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வளையல்களை மேலே தள்ளினார். தொட்டி மூடியைத் தூக்கி, தோள்வரை கையை உள்ளே விட்டார்.

அதன்பின் நடந்ததை வரிசையாகச் சொல்வது கடினம். தண்ணீர் சோபாவரை வந்தது. மீன்கள் மூலைக்கு மூலை ஓடின. ஒரு தங்கமீன் எகிறி, நான் தடுத்து வைத்திருந்த அத்தையின் மடியில் விழுந்தது. அத்தை போட்ட சத்தத்தில் பிறந்தநாள் குழந்தை கை தட்டிச் சிரித்தது. அக்கா குழாயைப் பிடுங்கி, டைவரை வெளியே எடுத்து, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தார்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு அன்னைக்கே கேட்டீங்க. பதில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. எனக்கு வேணும். அதான் பதில்.”

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. “என் வீட்டு விசேஷத்துல வந்து என்னக்கா இது? முதல்ல வைங்க அதை!” என்று கையை நீட்டினான்.

“விடுடா.” அம்மாவின் குரல். அவர் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். “அது அவளோடது. அவ கொடுக்கல, நான்தான் புடுங்கிக் கொடுத்தேன். தப்பு என்னோடது. அவளை ஒண்ணும் சொல்லாத.”

தம்பி கையை இறக்கினான். அத்தை மடியிலிருந்த மீனை நான் எடுத்துத் தொட்டியில் விட்டேன். பிழைத்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம், சாப்பிடாமல் போனால் தோற்று ஓடியது போலாகிவிடும் என்றார் அக்கா. தம்பி மனைவி கேக்கில் பெரிய துண்டாகவே வெட்டி வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள், நான் எதிர் சீட்டில். அம்மா டைவரைக் கேட்டு வாங்கினார். தன் சேலைத் தலைப்பால் பாசியைத் துடைக்க ஆரம்பித்தார். முகம், மார்பு, இருந்த ஒரு கால்.

“இவனுக்கு ஒரு பேரு வச்சிருந்தியே, என்னது?”

“ராயப்பன்.”

“ஆமா, ராயப்பன். ராத்திரி தூக்கத்துல கூடக் கூப்பிடுவியே.” அம்மா இன்னும் அழுத்தித் துடைத்தார். “எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சுதான் கொடுத்தேன்.”

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மேஜர் அழுததை நான் பார்க்கவில்லை. மார்சிலிங்கிலிருந்து தஞ்சோங் பகார் வரைக்கும் எதிர் சீட்டில்தான் இருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.