வைப்பர் போட்டால் கதவு திறக்கும்

கார்க்காரர்களில் ஒரு தனி ஜாதி உண்டு. ஆசை ஆசையாய் மின்சாரக் கார் வாங்கி, வாங்கிய எட்டாம் மாதம் அதைச் செய்த கம்பெனி திவாலாகி, அதற்குப் பிறகும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டுகிறவர்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஒருவர் வைப்பரை ஓடவிட்டபடி வந்து நின்றால், அவர்தான்.

ஏன் வைப்பர்? அதைப் போட்டால்தான் பின்கதவு திறக்கும். ஏன் அப்படி? யாரைக் கேட்பது?

எங்கள் மெத்தைக்கடைக்காரர் இந்த ஜாதிக்கே தலைவர். "கம்பெனிய மூடிட்டாங்களாமே?" என்று வாயைத் திறந்தால் போதும்.

"யாரு சொன்னா? போன் பண்ணிப் பாருங்க. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு ஒரு பொண்ணு சொல்லுது. செத்த கம்பெனி இவ்வளவு மரியாதையாப் பேசுமா?"

மூன்று வருஷமாக அந்தப் பெண் அதையேதான் சொல்கிறாள். இவரும் நன்றி சொல்லிவிட்டு வைக்கிறார்.

காரை அணைத்தால் மறுபடி எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் சோப்பு வாங்க இறங்கினாலும் வண்டியை அணைக்காமல், ஹாரன் அடித்தால் பாடுகிற ரேடியோவோடும், இறங்கினால் ஏறாத கண்ணாடியோடும், வண்டிக்குக் காவலாக ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்துவிட்டுத்தான் போவார். அந்த ஆள் அவர் சம்சாரம். பாதி ஆயுசு போய்விட்டது பாவம், அந்த சீட்டிலேயே.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டிய அன்று காலையில் அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பழைய இரும்புக்காரர வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கேன். பச்சப்புள்ளையோட வர்றோம். வழியில உங்க வண்டி நின்னுச்சுன்னா அப்படியே தூக்கிட்டுப் போகட்டும்."

"நிக்காதுடி."

"நிக்கும்."

பேத்திக்கு மூன்று நாள் வயசு. உள்ளங்கையளவு முகம், அதில் முக்கால்வாசி வாய். அந்த அழகை என்னவென்று சொல்ல! பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. நர்சம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வழியனுப்பினார். கதவு திறக்க வைப்பரைப் போட்டார் மெத்தைக்கடைக்காரர். காய்ந்த கண்ணாடியில் கிரீச்... கிரீச்...

அழுகை நின்றது.

எல்லாரும் ஏறியதும் வைப்பரை நிறுத்தினார். குழந்தை வீறிட்டது. போட்டார். தூங்கிவிட்டது.

"மாமா, சாமி சத்தியமா அத நிறுத்திடாதீங்க!" என்றார் மாப்பிள்ளை.

கிரீச் கிரீச்சென்று கார் ஊர்வலம் போயிற்று. நடந்துபோனவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் குடையையே விரித்துவிட்டார்.

வீட்டுக்கு இன்னும் நாலு வீடு. அங்கே வந்து, இருமல்கூட இல்லாமல், வண்டி நின்றது. திரையில் எழுத்து: 'கம்பெனியை அணுகவும்.'

மெத்தைக்கடைக்காரர் ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். அழாத குறைதான். வாசலில் நின்ற இரும்புக்காரர் சங்கிலியோடு நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டப் போனார்.

"அம்மா, எடுத்துக்கட்டுமா?"

"ஷ்ஷ்!" உள்ளேயிருந்து அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்தார்.

"வண்டி நின்னுபோச்சேம்மா?"

"வண்டி நின்னா என்ன இப்போ? வைப்பர் ஓடுதுல்ல?"

பிறகு மாப்பிள்ளையும் இரும்புக்காரரும் சத்தமில்லாமல் வண்டியை வாசல்வரை தள்ளினார்கள். குழந்தை விழிக்கிறவரை உள்ளே இருந்த யாரும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன் போட்டது யார் என்கிறீர்கள்? அந்த அம்மாள்தான். அழைப்பு முக்கியம் என்று பெண் சொன்னதும், "நல்லா இரும்மா" என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தலையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் ஓடுகிற மின்விசிறி, மூடியை அமுக்கிப் பிடித்தால்தான் சுற்றுகிற மிக்ஸி எதுவும் உங்கள் வீட்டில் இல்லையே? "உனக்குத் தெரியாது, நகரு" என்று யாரையும் தள்ளிவிட்டதில்லையே?

எதற்கும் வெளியே போகும்போது கவனியுங்கள். உங்களைப் பார்த்த கையோடு யாராவது வானத்தைப் பார்க்கிறார்களா என்று.